பத்து நானோநொடி

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனை அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். பழைய கணினி 4கே காட்சிகளைத் திறந்தாலே திணறுகிறது என்று புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யச் சென்னை வந்திருந்தான். தாளில் பிராசசருக்கு முழுப் பெயர் இருந்தது: ஏஎம்டி ரைசன் 5 7600. மதர்போர்டுக்கு மாடல் எண் கடைசி எழுத்துவரை இருந்தது. கேபினெட்டுக்குக்கூட 'கண்ணாடிக் கதவு, கலர் லைட் ஃபேன் 4' என்று வர்ணனை. ரேமுக்கு மட்டும் ஒரே வரி: '16 ஜிபி டிடிஆர்5 – 1'.

போன் போட்டுக் கேட்டேன்.

"ரேம்தானே மாமா, எதைப் போட்டா என்ன? இப்ப விலை வேற ஏறிக் கிடக்கு. ஒண்ணு போட்டுட்டு அப்புறமா இன்னொண்ணு சொருகிக்கலாம்னு சொல்றாங்க."

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. கணினி ஓடும். ஆனால் அந்த ஒரு வரியில் எந்த வேகம், என்ன தாமதம், எத்தனை குச்சி, எந்த ஜோடி என்று எதுவுமே சொல்லப்படவில்லை. அவனிடம் போனில் கால் மணி நேரம் பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ரேம் குச்சியின் மேல் வரிசையாக ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகளுக்குள் இருப்பவை ஓட்டைக் குவளைகள். ஒவ்வொரு குவளையும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் நிறைந்திருந்தால் 1, காலியாக இருந்தால் 0. பக்கத்தில் கதவு மாதிரி ஒரே ஒரு டிரான்சிஸ்டர். 16 ஜிபி குச்சி ஒன்றில் இப்படி ஏறத்தாழ 13,700 கோடிக் குவளைகள். நிறைந்த குவளை என்று நாம் சொல்வதில் இருப்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள்தான்.

இந்த அமைப்பை 1966இல் யோசித்தவர் ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட். அப்போது ஒரு பிட்டைச் சிலிக்கானில் வைத்திருக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டியிருந்தன. ஒன்றே போதும் என்றார் அவர். 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் 1103 என்ற சில்லு விற்பனைக்கு வந்தது; அதன் கொள்ளளவு 1,024 பிட், அதாவது 128 எழுத்துகளுக்கான இடம். அதுவரை கணினிகளின் நினைவகமாக இருந்த, காந்த வளையங்களைக் கம்பியில் கோத்த வலைகள் அடுத்த சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போயின.

ஆறு டிரான்சிஸ்டரை ஒன்றாகக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. குவளை ஒழுகும். டிடிஆர்4 வரை 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை எல்லாக் குவளைகளையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும் என்பது விதி. டிடிஆர்5இல் அது 32 மில்லிநொடி. நீங்கள் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் உள்ளே இந்த நிரப்பும் வேலை நொடிக்கு முப்பது தடவை நடந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனால் சேமிக்காமல் விட்டதெல்லாம் காணாமல் போவது இதனால்தான். உடனே போய்விடும் என்றும் சொல்ல முடியாது. 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களை உள்ளடக்கிய ஆய்வுக் குழு ஒன்று, ரேமைக் குளிரவைத்தால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் நிமிடக்கணக்கில் உள்ளடக்கம் தங்குகிறது என்று காட்டி, அதிலிருந்து குறியாக்கச் சாவிகளை எடுத்துக் காட்டியது. குளிரில் குவளை மெதுவாக ஒழுகும், வெப்பத்தில் வேகமாக ஒழுகும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிரப்பும் வேலையை இரு மடங்காக்கச் சொல்கிறது தரநிர்ணயம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குவளையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். படிப்பதே அழிப்பது. ஆகவே சில்லு ஒரு வரிசை முழுவதையும் ஒரேயடியாகக் கவிழ்த்து, வந்த துளி மின்னூட்டத்தை உணர்ந்து பெருக்கி, ஒரு தாங்கலில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, வரிசையைத் திரும்ப நிரப்பி மூடுகிறது. அந்த அற்பத் துளியை உணர்ந்து பெருக்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எத்தனை தலைமுறை மாறினாலும் இந்த வேலை மாறவில்லை; அதற்குப் பிடிக்கும் நேரமும் பெரிதாக மாறவில்லை. ரேம் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் எண்களைப் படிக்க இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியில் பெரிதாக இருப்பது 3200, 5600, 6000 போன்ற எண். கடையில் இதை மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். உண்மையில் கடிகாரம் இதில் பாதி வேகத்தில்தான் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என இரண்டு தடவை தரவு அனுப்பப்படுகிறது. டிடிஆர் என்ற பெயரில் உள்ள முதல் 'டி' இந்த இரட்டைக்குத்தான். எனவே 6000 என்பது நொடிக்கு 600 கோடிப் பரிமாற்றம். விண்டோஸ் 11இன் டாஸ்க் மேனேஜர்கூட அண்மையில்தான் மெகாஹெர்ட்ஸ் என்று போடுவதை விட்டுவிட்டு, பரிமாற்றக் கணக்கில் எழுதத் தொடங்கியிருக்கிறது.

சின்னதாக ஓரத்தில் இருப்பது 'சிஎல்' என்ற எண்: சிஎல் 16, சிஎல் 30, சிஎல் 40. இதுதான் தாமதம். ஏற்கெனவே திறந்திருக்கும் வரிசையிலிருந்து தரவைக் கேட்டால், எத்தனை கடிகாரத் துடிப்பு கழித்து முதல் துளி வெளியே வரும் என்பது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை இலைக்குச் சாம்பார் போகிறது என்பது ஒன்று. நீங்கள் "சாம்பார்" என்று கூப்பிட்டதிலிருந்து முதல் கரண்டி உங்கள் இலையில் விழ எவ்வளவு நேரம் என்பது வேறொன்று. பத்துப் பேரைக் கூடுதலாகப் பரிமாறவிட்டால் முன்னது கூடும். பின்னது அப்படியே இருக்கலாம், ஏனென்றால் சமையல்கட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

சிஎல் துடிப்புக் கணக்கில் இருப்பதால் அதை அப்படியே ஒப்பிடக் கூடாது. துடிப்பின் நீளமே மாறுகிறதே. சிஎல்லை 2000ஆல் பெருக்கி, பெட்டியில் உள்ள வேக எண்ணால் வகுத்தால் நானோநொடியில் விடை வரும். போட்டுப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் வாங்கிய நல்ல டிடிஆர்-400, சிஎல் 2: பத்து நானோநொடி. பிறகு வந்த டிடிஆர்3-1600, சிஎல் 8: பத்து. டிடிஆர்4-3200, சிஎல் 16: பத்து. இன்றைக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் டிடிஆர்5-6000, சிஎல் 30: அதே பத்து.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு குச்சி நொடிக்குக் கொடுக்கும் தரவு 3.2 ஜிபியிலிருந்து 48 ஜிபியாக, பதினைந்து மடங்கு பெருகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரமோ இம்மிகூட நகரவில்லை. பத்து நானோநொடியில் ஒளி மூன்று மீட்டர் போகும். மனிதக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கோ அது ஐம்பது துடிப்பு. உள்ளே கேட்டுப் போய்த் திரும்பும் முழு வழியையும் சேர்த்தால் மேசைக் கணினியில் அறுபது, எழுபது நானோநொடி ஆகிவிடுகிறது. முன்னூறு துடிப்புக்கு மேல் பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிராசசருக்குள் கேஷ் என்று ஒரு சிறு அதிவேக நினைவகம் வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். 2022இல் ஏஎம்டி வெளியிட்ட 5800எக்ஸ்3டி பிராசசர், மூன்றாம் அடுக்குக் கேஷை 96 எம்பியாக உயர்த்தி விளையாட்டுகளில் பாய்ச்சல் காட்டியது. அப்படிப்பட்ட பிராசசரை வாங்குகிறவர் ரேம் வேகத்துக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கூப்பிடும் அவசியமே அவருக்குக் குறைவு.

இந்தக் கணக்கு தெரிந்தால் கடையில் இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருக்கலாம். ஒன்று: டிடிஆர்5-6000 என்றே எழுதியிருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று சிஎல் 30, மற்றது சிஎல் 40 ஆக இருக்கலாம். பத்து நானோநொடிக்கும் 13.3 நானோநொடிக்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டாவது: எண் பெரியது என்பதற்காகச் சாதாரண டிடிஆர்5-4800, சிஎல் 40ஐ நல்ல டிடிஆர்4-3200, சிஎல் 16ஐவிட எல்லா வகையிலும் மேல் என்று நினைப்பது. புதியதன் தாமதம் 16.7 நானோநொடி. டிடிஆர்5 வந்த புதிதில் சில விளையாட்டுகளில் பழைய ரேமே முந்தியதன் மர்மம் இவ்வளவுதான்.

சிஎல்லுக்குப் பின்னால் 30-36-36-96 என்று வாலாக நீளும் எண்களில் அடுத்த இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கேட்ட தரவு வேறு வரிசையில் இருந்தால், திறந்திருப்பதை மூட ஒரு நேரம், புதியதைத் திறக்க ஒரு நேரம். மேற்சொன்ன எண்களில் தலா 12 நானோநொடி. சேர்த்தால் 34. நாலாவது எண்ணை வைத்துப் பேரம் பேசுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் அக்கா மகனுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவனுக்கு முதல் கேள்வி எவ்வளவு என்பதே. பந்திக்கு இலை போதாவிட்டால் பரிமாறுகிறவரின் வேகத்தால் என்ன பயன்? ரேம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் உபரியை எஸ்எஸ்டிக்குத் தள்ளுகிறது. எஸ்எஸ்டி நல்ல வேகம்தான், ஆனாலும் அதிலிருந்து ஒரு துண்டை எடுக்கப் பத்துக்கணக்கான மைக்ரோநொடி ஆகும். ரேமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சிஎல் 30 வாங்கி மிச்சம் பிடித்த மூன்று நானோநொடியெல்லாம் அங்கே ஆற்றில் கரைத்த புளி.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். இப்போதிருக்கும் கணினியில் வழக்கமான வேலையை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் போதும். அவன் பழைய கணினியில் 16 ஜிபி இருந்தது. எடிட்டிங் மென்பொருள், பக்கத்தில் நாலைந்து குரோம் டேப், வாட்ஸ்அப். பயன்பாடு 15.4 ஜிபி என்று காட்டியது. திணறலுக்குக் காரணம் பிராசசர் என்று நினைத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் தள்ளியிருக்கிறான். கடிதம், கணக்கு, யூடியூப் என்றால் 16 ஜிபி தாராளம். விளையாட்டுக்கும் 16 ஓடும், 32 நிம்மதி. 4கே எடிட்டிங்குக்கு 32இலிருந்துதான் தொடங்க வேண்டும். 64 வேண்டும் என்பவருக்கு அது ஏன் வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது, இந்த 32ஐ எத்தனை குச்சியாக வாங்குவது? கடைகளில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

சாதாரண மேசைக் கணினிகளில் பிராசசரிலிருந்து ரேமுக்கு இரண்டு தடங்கள் போகின்றன. ஒரே குச்சியைச் செருகினால் ஒரு தடம் சும்மா கிடக்கும். டிடிஆர்5-6000 குச்சி ஒன்று நொடிக்கு 48 ஜிபி, இரண்டு என்றால் 96. கூடுதல் காசில்லாமல் கிடைக்கும் பாதியை விட்டுவிடுகிறோம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாட நினைக்கிறவர்களுக்கு இது பேரிழப்பு. அவர்களுடைய கிராஃபிக்ஸுக்கும் இதே ரேம்தான் நினைவகம். ஒற்றைக் குச்சியோடு விற்கப்படும் மலிவுக் கணினிகள் படம் காட்டத் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு குச்சி போட்டவுடன் அதே இயந்திரம் ஆளே மாறிப்போகும்.

அப்படியானால் நான்கு ஸ்லாட்டிலும் போட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. தடம் இரண்டுதான், நான்கு குச்சி போட்டால் ஒரு தடத்தில் இரண்டு குச்சி தொங்கும். 6000 வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 167 பிகோநொடி. மதர்போர்டின் செம்புக் கோட்டில் அந்த நேரத்தில் மின்குறிகை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நகர்ந்திருக்கும். பிராசசருக்கும் குச்சிக்கும் நடுவே ஒரே கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாகப் பல பிட்டுகள் பறந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த வழியில் இன்னொரு குச்சி கிளையாகத் தொங்கினால் குறிகை முட்டித் தெறித்து எதிரொலிக்கும்; கோயில் மண்டபத்தில் வேகமாகப் பேசினால் வார்த்தை புரியாமல் போகிறதே, அது மாதிரி. புரிய வேண்டுமென்றால் நிதானமாகப் பேச வேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு வெறும் 3600.

இரண்டு குச்சியை எந்த ஸ்லாட்டில் போடுவது என்பதும் இதே எதிரொலிச் சமாசாரம்தான். பெரும்பாலான பலகைகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். கோடு முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு அடுத்ததில் போய் முடிகிறது. முடியும் இடத்தில் குச்சி இருந்தால் குறிகை அங்கே உறிஞ்சப்படும். முதலாவதில் போட்டுவிட்டு முனையைக் காலியாக விட்டால், அதுவரை போய் முட்டித் திரும்பி வரும். ஆகவே பலகையோடு வரும் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது பார்த்துவிடுவது நல்லது.

'அப்புறமா இன்னொண்ணு' என்பதன் சிக்கலை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் டிடிஆர்4 கணினிக்கு, ஏற்கெனவே இருந்த அதே நிறுவனத்தின் அதே மாடல் குச்சியைத் தேடிப் பிடித்து வாங்கிப் போட்டேன். பெட்டி ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, வேகம் ஒன்று. இரண்டு நாளைக்கொருமுறை நீலத் திரை. ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியே போட்டுச் சோதித்தால் தங்கம். சேர்த்துப் போட்டால் சண்டை. ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்றில் ஒரு நிறுவனத்தின் சில்லு, மற்றதில் வேறு நிறுவனத்தின் சில்லு என்று பிறகுதான் தெரிந்தது. இது மோசடி அல்ல. நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். கோர்செர், ஜி.ஸ்கில், கிங்ஸ்டன் போன்றவை அவர்களிடம் சில்லு வாங்கிப் பலகையில் பதித்து, சோதித்து, சட்டை மாட்டி விற்கின்றன. அந்த மாதம் எது கிடைத்ததோ அது உள்ளே போகும். மாடல் எண் மாறாது. பெட்டியில் அச்சாகாத நுணுக்கமான கால அளவுகள் பத்திருபது உண்டு, அவை சில்லுக்குச் சில்லு வேறுபடும். கடைசியில் வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டினேன்.

ஆகவேதான் 'கிட்' என்று ஜோடியாக விற்கிறார்கள். ஒரே பெட்டியில் வரும் இரண்டு குச்சிகள் ஒன்றாக, அந்த வேகத்தில், அந்தத் தாமதத்தில் ஓடும் என்று சோதித்து அனுப்பப்பட்டவை. தனித்தனியே இரண்டு வாங்குவதற்கும் கிட் வாங்குவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. 'மாட்டலாம், ஓடலாம்' என்பதற்கும் 'ஓட்டிப் பார்த்தாகிவிட்டது' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. இரண்டு கிட் வாங்கி நான்காகப் போட்டால் அந்த வாக்குறுதி செல்லாது.

டிடிஆர்5இல் எட்டெட்டாக 16 வாங்குவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்றைய சில்லுகளின் அளவுக்கு ஒரு 8 ஜிபி குச்சியை நான்கே சில்லுகளில் முடித்துவிடலாம். அப்படிச் செய்யும்போது ஒரே சமயத்தில் திறந்து வைக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை பாதியாகிறது. பதினாறு பதினாறாக 32 என்பது இந்தத் தலைமுறைக்கு இயல்பான அளவு.

இனி, பெட்டியில் 6000 என்று இருக்கிறதே, செருகியதும் 6000இல் ஓடுமா என்றால், ஓடாது. உலகத்து ரேம்களுக்கெல்லாம் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2020இல் டிடிஆர்5க்கான தரத்தை வெளியிட்டது. முதல் முறை கணினியைப் போடும்போது ரேம் அந்தத் தரப்படியான பத்திரமான வேகத்தில்தான் எழுந்திருக்கும், பெரும்பாலும் 4800. அதற்கு மேலே இருப்பது தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்து, குச்சியிலேயே இருக்கும் ஒரு சின்னச் சில்லில் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. 1.1 வோல்ட்டுக்குப் பதில் 1.35 கொடு, இந்தக் காலஅளவு வை என்று. இன்டெல் வகுத்த குறிப்பு முறைக்கு எக்ஸ்எம்பி என்று பெயர், 2022இல் ஏஎம்டி கொண்டுவந்ததற்கு எக்ஸ்போ. பயாஸுக்குள் போய் அதை நாம்தான் ஒரு சொடுக்கில் இயக்க வேண்டும். 6000க்குக் காசு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் 4800இல் ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்களில் சிலர் என்னைவிடக் கணினி தெரிந்தவர்கள்.

6000க்கு மேலே 7200, 8000 என்றும் கிடைக்கின்றனவே? அவன் வாங்கும் ரைசனுக்கு வேண்டாம். அந்தப் பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம் 6000 சுற்றுவட்டாரம் வரை ரேமோடு காலுக்குக் கால் ஒத்து நடக்கும். அதற்கு வெகு மேலே போனால் ரேம் இரண்டு அடி வைக்க இது ஓரடி வைக்கிறது, தாமதம் கூடுகிறது. 6000தான் சரியான இடம் என்று அந்த வரிசை வெளிவந்தபோது ஏஎம்டியே சொன்னது. 6000, சிஎல் 30 கைக்கு எட்டவில்லையா? 5600, சிஎல் 36 வாங்கலாம். கணக்குப்படி 12.9 நானோநொடி. வீடியோ எடிட் செய்கிறவன் இந்த வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குக்காக ஆட்கள் மூக்கு முட்டச் சண்டை போடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும். பத்து வருடத்துக்கு முன் நானும் போட்டிருக்கிறேன்.

சட்டை விஷயம் ஒன்று. அந்த அலுமினிய உறையும் வண்ண விளக்கும் வேகத்துக்கு எதுவும் செய்வதில்லை. உறை கொஞ்சம் சூடு தணிக்கும். விளக்கு அதே இடத்தில் கொஞ்சம் சூடு சேர்க்கும். உயரத்தை மட்டும் பாருங்கள். விளக்கு வைத்த குச்சிகள் நாலரை சென்டிமீட்டருக்கு மேல்கூட உயர்ந்து நிற்கின்றன. பெரிய காற்றுக் கூலர் வைத்திருந்தால் அதன் ஃபேன் இடிக்கும். பலகை டிடிஆர்4க்கா டிடிஆர்5க்கா என்பதையும் பில் போடும் முன் பார்த்துவிட வேண்டும். இரண்டிலும் 288 ஊசிகள், ஆனால் நடுவெட்டு வேறு இடத்தில். ஒன்றில் மற்றது நுழையாது. நுழைகிறவரை அழுத்திப் பார்த்தவர்கள் உண்டு.

டிடிஆர்5 பெட்டிகளில் சில சமயம் 'ஈசிசி உள்ளது', அதாவது பிழை திருத்தும் வசதி உண்டு என்று பெருமையாகப் போட்டிருக்கும். குவளைகள் அவ்வளவு சிறியதாகிவிட்டதால் சில்லுக்குள்ளேயே ஒவ்வொரு 128 பிட்டுக்கும் 8 சரிபார்ப்பு பிட் வைத்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் சர்வர்களில் இருக்கும் முழுமையான ஈசிசி வழித்தடத்தில் நடக்கும் பிழையையும் பிடிக்கும், இது பிடிக்காது. பிழையெல்லாம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கண்காணித்து 2009இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ 8 சதவீத ரேம் குச்சிகளில் குறைந்தது ஒரு பிழையாவது பதிவாகியிருந்தது. புதுக் குச்சி மாட்டியவுடன் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். ஒரு பிழை வந்தாலும் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பில் பத்திரம்.

விலைக்கு வருவோம். அவன் சொன்னது உண்மை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை மளமளவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்கவே சரக்கு போதவில்லை. ரேம் விலை இப்படி ஏறுவதும் பிறகு படுத்துக்கொள்வதும் புதிதல்ல, வெங்காயம் மாதிரி. ஆனால் எப்போது இறங்கும் என்று காத்திருக்க அவனால் முடியாது. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன.

எனவே கொட்டேஷனைத் திரும்பப் படித்தோம். கண்ணாடிக் கதவுக் கேபினெட்டும் கலர் ஃபேன்களும் போயின; சாதாரண வலைமுகக் கேபினெட் வந்தது. பிராசசரோடு வரும் கூலரே போதும் என்று தனிக் கூலரையும் நீக்கினோம். அந்தக் காசைத் தூக்கி ரேமில் போட்டு, கடைசி வரியை மாற்றி எழுதச் சொன்னேன்: 'டிடிஆர்5-6000, சிஎல் 30, எக்ஸ்போ, 16 + 16 கிட், ஒரே பெட்டி'. கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு எடுத்துக் கொடுத்தாராம். இருந்திருக்கிறது, கேட்கவில்லை என்பதால் காட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்குப் போன்.

"மாமா, எல்லாம் மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது. திரை கறுப்பாவே இருக்கு. ரேமைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டேன், வேலைக்கு ஆகல."

"எத்தனை நிமிஷம் காத்திருந்த?"

"ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போட்டேன்."

"ஆஃப் பண்ணாதடா. அது ரேமோட பேசிப் பழகிட்டு இருக்கு."

உண்மையிலேயே அதுதான் நடக்கிறது. முதல் முறை எழும்போது கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு கோட்டிலும் சோதனைக் குறிகைகளை அனுப்பி, அந்த 167 பிகோநொடிக்குள் எந்தக் கணத்தில் படித்தால் பிட் தெளிவாகத் தெரிகிறது என்று தேடித் தேடிக் குறித்துக்கொள்கிறது. டிடிஆர்5 பலகைகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். இவன் அணைத்து அணைத்து அதை ஒன்றாம் வகுப்பிலேயே உட்காரவைத்திருந்தான்.

நான்கு நிமிடத்தில் திரை வந்தது. மறுநாள் விண்டோஸ் ஏற்றிவிட்டு டாஸ்க் மேனேஜரைப் படமெடுத்து அனுப்பினான். 32 ஜிபி, இரண்டு ஸ்லாட், வேகம் 4800.

"பயாஸுக்குள்ள போய் எக்ஸ்போவை ஆன் பண்ணு" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "பண்ணிட்டேன் மாமா. திரும்பக் கறுப்பாயிடுச்சு."

"டீ குடிச்சிட்டு வா."